பதினொரு நாள் ஓடிய மவுண்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் இன்ஜின் மவுண்டிங், அதாவது இன்ஜினைக் கார் பாடியோடு பிடித்து வைக்கிற ரப்பரும் இரும்பும் சேர்ந்த துண்டு, அதை மாற்றுவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் கடைசிப் பத்தியில், பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் காரில் மாற்றம் செய்தவர்கள், யோசிக்காமல் 'ஹெவி டியூட்டி' என்கிற கெட்டி மவுண்டிங் போட்டுக்கொள்ளலாம், ஒரே செலவோடு தொல்லை விட்டது என்று முடித்திருந்தார். அந்த 'யோசிக்காமல்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. நான் அப்படி யோசிக்காமல் போட்டவன். பதினொரு நாள் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் கழற்றச் சொல்லிவிட்டேன்.

என் காரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2004ல் புதிதாக வாங்கிய மாருதி 800. சிறு வயதில் வந்த போலியோவில் என் இடது கால் போய்விட்டது. வலது கால் நன்றாக இருக்கிறது. அதனால் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கின்றன. கிளட்ச் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வலப்பக்கம், இண்டிகேட்டர் தண்டுக்குக் கீழே நீளமாக ஒரு கைப்பிடி. ஸ்டீயரிங்கை விடாமலே நான்கு விரலால் அதை இழுத்தால், கீழே ஒரு ராடு போய் கிளட்ச் பெடலை அழுத்தும். இடக்கை கியருக்கு. ஸ்டீயரிங் தண்டில் கிளாம்ப் போட்டு கோவையில் ஒரு பட்டறையில் செய்து கொடுத்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யிலும் ஏற்றியாயிற்று. அன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் இப்படிப்பட்ட வண்டிக்கு 'இன்வலிட் கேரேஜ்', அதாவது ஊனமுற்றவர் வண்டி, என்று பெயர். உச்சரிப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் செல்லாத வண்டி என்று அர்த்தமாகிவிடும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 'அடாப்டட் வெஹிகிள்', மாற்றியமைத்த வண்டி, ஆகிவிட்டது. பேரில் கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

மாற்றம் செய்த கார் என்றதும் எல்லாருக்கும் அகல டயரும் உறுமுகிற சைலன்சரும்தான் ஞாபகம் வருகிறது. என்னுடையதும் மாற்றம் செய்த கார்தான்.

இனி கதைக்கு வருகிறேன். என் தங்கை வால்பாறையில் இருக்கிறாள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. வருடத்துக்கு நான்கைந்து தடவையாவது ஏறி இறங்குவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி எடுக்கும்போது, கைப்பிடியை விட விட முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி முன்னும் பின்னும் இரண்டு தடவை உதறிவிட்டு அப்புறம்தான் நகர்ந்தது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றே நினைத்தேன். திரும்பி வந்ததும் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். இருபது வருடமாக என் காரைப் பார்ப்பவர் அவர்.

பாய் கிளட்சைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, "சார், நீங்க உக்காந்து பிரேக்க நல்லா மிதிச்சுக்கங்க. ஃபர்ஸ்ட்ல போட்டு கிளட்ச கொஞ்சமா விடுங்க" என்றார். விட்டேன். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. பின்பு என்னை இறக்கி நிறுத்திவிட்டு அவர் உள்ளே உட்கார்ந்து செய்து காட்டினார். இன்ஜின் ஒரு பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கிக்கொண்டது. ரிவர்ஸில் மறுபக்கம் சாய்ந்தது. டைமிங் பெல்ட் பக்கத்து மவுண்டிங்கில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து உதடு மாதிரி திறந்து மூடியது. வால்வு கவர் பேக்கிங்கில் ரொம்ப நாளாக ஆயில் கசிந்து அந்த ரப்பர் மேலேயே சொட்டியிருக்கிறது. இயற்கை ரப்பருக்கு ஆயில் எமன். ஊறி, உப்பி, பிசுபிசுத்துப் போகும். அந்தப் பேக்கிங்கை மாற்றச் சொல்லி பாய் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, தப்பு என்னுடையது.

இந்த இடத்தில் ஒரு வாத்தியார் புத்தியைக் காட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவன். மாருதி 800 இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. இந்தக் குட்டி இன்ஜினைப் பிடித்து வைக்க என்ன பெரிய மவுண்டிங் வேண்டும் என்று தோன்றும். ஆனால் முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாம் ஒரே உருண்டை. சக்கரத்தை எவ்வளவு முறுக்குகிறதோ அவ்வளவு எதிர்முறுக்கு அந்த உருண்டைக்கும் வரும். முதல் கியரில் சக்கரத்துக்குப் போவது 59 இல்லை, ஏறக்குறைய அதன் பதினைந்து மடங்கு. அத்தனையையும் தாங்குவது கைக்கு அடக்கமான இரண்டு மூன்று ரப்பர் துண்டு. அது கிழிந்தால் இன்ஜின் தொட்டில் ஆடும். தொட்டில் ஆடும்போது கியர் ராடும் கூடவே ஆடும், கிளட்ச் கேபிளின் உறை வளைந்து நிமிரும், உள்ளே கம்பியின் இழுவையும் சற்றே மாறும். காலால் மிதிப்பவருக்கு அது ஒரு சின்ன உதறல். என் விரலுக்கோ, யாரோ மறுமுனையிலிருந்து கைப்பிடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

தங்கை மகன் கோவையில் வேலை பார்க்கிறான். கார்ப் பைத்தியம். பழைய மாருதி ஜென் ஒன்றை ஆட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே தயார் செய்து வைத்திருக்கிறான். ரோட்டில் ஓட்டுவதில்லை, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவான். "மாமா, ரப்பரெல்லாம் வேண்டாம். பாலியூரிதேன் போடுங்க. ஆயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உங்க ஆயுசுக்கும் மாத்த வேண்டியதில்ல" என்றான். ஆயுள் பற்றிய கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் ஆயில் பற்றிச் சொன்னது சரியாகத்தான் பட்டது. பாலியூரிதேன் என்பது ரப்பரைவிடக் கெட்டியான ஒரு பிளாஸ்டிக். கம்பெனி சாமானைப் போல மூன்று மடங்கு விலை. மஞ்சள் நிறத்தில், கையில் எடுத்தால் பொம்மை மாதிரி அழகாக இருந்தது. பாய் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குதுங்களே சார்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லா மவுண்டிங்கையும் கழற்றி அதையே போட்டோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஓட்டம் சுகமாகத்தான் இருந்தது. கியர் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் உடனே வண்டி நகர்ந்தது. 'டக்' சத்தம் அறவே இல்லை. இருபது வருடக் கார் வயசு குறைந்துவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

நின்றால்தான் தெரிந்தது. காந்தி சிலை சிக்னலில் நின்றபோது பின்னால் இருக்கிற பஸ் கண்ணாடியில் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. டேஷ்போர்டில் இத்தனை வருடம் வாய் திறக்காத ஏதோ ஒரு கிளிப் கிரிகிரி என்றது. என் மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஃபோனில் படித்துக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று மூடி வைத்துவிட்டாள். கோவை வரைக்கும் 40 கிலோமீட்டர் ஓட்டி இறங்கினால் வலக்கை விரல் நான்கும் மரத்துப் போயிருந்தன. மற்றவர்கள் கிளட்ச் பெடல் மேல் செருப்புக் காலை வைக்கிறார்கள், அதுவும் தேவைப்படும்போது மட்டும். நான் கைவிரலை அந்தக் கம்பி மேலேயேதான் வைத்திருக்கிறேன். அது ஸ்டீயரிங் தண்டில் பிடித்திருக்கிறது, ஸ்டீயரிங் தண்டு பாடியில் பிடித்திருக்கிறது. பாடிக்கு வருகிற நடுக்கமெல்லாம் நேரே விரலுக்குத்தான்.

பதினோராம் நாள் பெட்ரோல் பங்க்கில் கைப்பிடியை இழுத்தால் வழக்கத்தைவிட ஒரு விரல்கடை அதிகமாகத் தொளதொளத்தது. ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். ராடும் பெடலும் சேருமிடத்தில் இருக்கிற லாக் நட் மூன்று புரி பின்னால் வந்திருந்தது. அந்த நட்டை 2004லிருந்து யாரும் தொட்டதில்லை. பதினொரு நாள் நடுக்கத்தில் அது தானாகக் கழன்றிருக்கிறது. இன்னும் நாலைந்து புரி போயிருந்தால் ராடு பிடியை விட்டிருக்கும், கிளட்ச்சை விலக்க எனக்கு வேறு வழியே கிடையாது. அடுத்த வாரம்தான் வால்பாறை போவதாக இருந்தேன். அன்றைக்குச் சாயந்திரமே பாயைக் கூப்பிட்டேன். "கழட்டிரலாங்களா சார்?" என்று அவரே கேட்டார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளஸ் டூ முடித்த யாரும் போடக்கூடிய கணக்கு. இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது சும்மா ஓடுகையில், நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது நொடிக்கு 15. மூன்று சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக நொடிக்கு 22, 23 முறை இன்ஜின் பாடியை உதைக்கிறது. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிற இன்ஜினுக்கு, தட்டிவிட்டால் தானாக ஆடுகிற ஒரு வேகம் உண்டு. உதைக்கிற வேகம் அந்த வேகத்தைப் போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் நடுக்கத்தைக் குறைத்துக் கொடுக்கும். தாண்டாவிட்டால் குறைக்காது என்பது மட்டுமில்லை, இருப்பதைக் கூட்டியும் கொடுக்கும். பேச்சுக்கு அந்த வேகம் நொடிக்கு 10 என்று வையுங்கள். 14க்கு மேல் எல்லாம் குறையும். 22 நன்றாகவே குறையும். இப்போது இரண்டரை மடங்கு விறைப்பான மவுண்டிங் போடுகிறோம். விறைப்பின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வேகம் ஏறும் என்பதால் 10 என்பது 16 ஆகும். 16ஐ 1.41ஆல் பெருக்கினால் 22.5. நம் இன்ஜின் உதைக்கிற அதே எண். ஐடிலிங்கில் அந்த விலை உயர்ந்த மஞ்சள் துண்டு இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பர், பாலியூரிதேன் இரண்டுக்கும் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வது வழக்கம். சாதாரணக் கார் மவுண்டிங் ரப்பர் 50, 60 சுமாருக்கு இருக்கும். பந்தயக்காரர்கள் வாங்குகிற பாலியூரிதேன் 75லிருந்து 95 வரை போகும். எண் பெரிதாக இருந்தால் தரம் பெரிது என்று நினைத்து வாங்குகிறோம். அது வெறும் கடினம், தரம் இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் அதே சுற்றில் இன்னும் வேகமாக உதைக்கும், அதனால் கொஞ்சம் தப்பிக்கும். மூன்று சிலிண்டருக்கு, அதிலும் முனைக்கு முனை தலையாட்டுகிற பழக்கம் உள்ள இந்தச் சின்ன இன்ஜினுக்கு, மெத்தென்ற ரப்பர்தான் வைத்தியம். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1931ல் அமெரிக்காவில் பிளிமத் கார்தான் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பேரில் இன்ஜினை ரப்பர் மேல் மிதக்கவிட்டு விற்றது. அந்த உரிமையை வாங்கிய பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் தன் முத்திரையில் மிதக்கிற அன்னத்தையே போட்டுக்கொண்டது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ரப்பரைத் தேடிப் போட்டார்கள், நாம் காசு கொடுத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அப்புறம் என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். கம்பெனி ரப்பர்தான். ஆனால் அது கிடைத்த கதை தனி. மாருதி 800 தயாரிப்பை நிறுத்தியது 2014 ஜனவரியில். கடைகளில் இருப்பதில் பாதி பழைய சரக்கு, மீதியில் பாதி டூப்ளிகேட். முதல் கடையில் கொடுத்தது பெட்டியெல்லாம் ஒரிஜினல்தான், ஆனால் வருடக்கணக்கில் அலமாரியில் காய்ந்தது. லேசாக வளைத்துப் பார்த்தால் ரப்பர் மேல் முடி மாதிரி வெடிப்பு. ஓடாத ரப்பரும் கிழடாகும் என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "சீல் பிரிக்காத பீஸ் சார்" என்றார். இரண்டாவது கடையில் கொடுத்ததில் ரப்பரும் இரும்பும் சேருகிற விளிம்பில் நகம் நுழைந்தது. மவுண்டிங்கில் உயிரே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. நகம் நுழைகிற இடத்தில் நாளைக்கு ஸ்குரூடிரைவர் நுழையும். மூன்றாவது கடையில் பழைய மவுண்டிங்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். போல்ட் ஓட்டை நேரே வருகிறதா, நடுக்குழல் மையத்தில் இருக்கிறதா, ரப்பருக்கு நடுவே விட்டிருக்கிற இடைவெளி பழையதில் இருந்த அளவுதானா என்று. அந்த இடைவெளியைப் பலர் குறை என்று நினைக்கிறார்கள். ரப்பரை மிச்சம் பிடித்துவிட்டான் என்று திட்டியவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்கும்போது மெத்தென்று இருக்கவும், முறுக்கு அதிகமாகும்போது போய் முட்டி நிற்கவும்தான் அந்த இடைவெளி. கண்ணாடி ஒட்டுகிற பசையை அதில் ஊற்றி அடைத்து 'ஹெவி டியூட்டி' ஆக்குகிற பழக்கமும் ஊரில் உண்டு. அதைச் செய்தால் மஞ்சள் துண்டு வாங்கிய செலவு மிச்சம், நடுக்கம் அதேதான்.

டைமிங் பெல்ட் பக்கம் மட்டும்தானே கிழிந்தது, அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பாய் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணு கிழிஞ்சப்புறம் அது பாரத்தையும் சேத்து மத்ததுதாங்க சுமந்திருக்கும்." கியர்பாக்ஸ் பக்கத்தையும் பின்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தபோது இரண்டுமே ஒரு பக்கம் சப்பி அமர்ந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். மாட்டும்போது பாய் போல்ட்டுகளை முழுக்க இறுக்கவில்லை. எல்லாம் நுழைந்ததும் ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் தானாக உட்காரட்டும் என்று விட்டு, கையால் நாலு ஆட்டு ஆட்டி, அதன் பிறகுதான் இறுக்கினார். முன்னாடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். புது மவுண்டிங் போட்டும் நடுங்குகிறது என்று வருகிற வண்டிகளில் பல இந்தக் கேஸ்தான் என்றார். கழற்றியபோது இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் கேபிளைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று இரண்டு தடவை பார்த்தார். ரப்பர் மேல் நிற்கிற இன்ஜினுக்கு அந்தக் கேபிள் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த வழியில் போகும், கேபிள் தீய்ந்துபோகும். என் கார் நிற்பதும் போவதும் கேபிளை நம்பித்தான்.

இத்தனையும் செய்து ஸ்டார்ட் செய்தால், நடுக்கம் வெகுவாகக் குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை. அப்போதுதான் பாய் சுற்றைப் பார்த்தார். 900க்குப் பதில் 700 சொச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் பாடியில் கரி. 700 சுற்று என்றால் நொடிக்கு 17, 18 உதை. என் கணக்கில் வந்த 14ஐ நெருங்குகிற இடம், அங்கே நல்ல ரப்பர்கூட அவ்வளவாகக் குறைக்காது. சுத்தம் செய்து சுற்று ஏறியதும் வண்டி அடங்கியது. மவுண்டிங் மேல் நாம் போடுகிற பழியில் பாதி இப்படிப்பட்டது. மூன்று சிலிண்டரில் ஒன்று விட்டு விட்டு எரிந்தால் நொடிக்கு ஏழெட்டு முறை வண்டி விக்கும். அதை எந்த மவுண்டிங்காலும் வடிகட்ட முடியாது. ஸ்பார்க் பிளக்கைப் பார்க்காமல் மவுண்டிங் வாங்கக் கடைக்குப் போவது, கண்ணில் புரை இருக்க ஃபிரேமை மாற்றுகிற மாதிரி.

என் கணக்கை நானே நம்பாமல் ஒரு சோதனையும் செய்தேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் 2016ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, ஃபோனுக்குள் இருக்கிற முடுக்கமானியைச் சோதனைக் கருவியாக்கித் தரும். பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்டியது. மஞ்சள் துண்டுகளைக் கழற்றுவதற்கு முன்பே ஃபோனைக் கைப்பிடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஐடிலிங்கில் பதிந்து வைத்திருந்தேன். 17, 18 பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு சிகரம். அந்தப் படத்தைப் பார்த்தபோதே, ஏன் 22ல் இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாத்தியாருக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. புது ரப்பர் போட்டு, த்ராட்டிலும் சுத்தம் செய்தபின் பதிந்ததில் சிகரம் 22க்கு நகர்ந்து, உயரம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. இதில் ரப்பரின் பங்கு எவ்வளவு, த்ராட்டிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டோம். பிராக்டிகல் நோட்டில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் மார்க் குறைத்திருப்பேன். ஆனால் விரல் மரக்கவில்லை. அதற்கு ஃபோன் தேவையில்லை.

தங்கை மகன் இதையெல்லாம் கேட்டு ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் ஜென்னில் அவனும் இப்போது எடையைத் தாங்குகிற மவுண்டிங்குகளைக் கம்பெனி ரப்பராகவே விட்டுவிட்டு, முறுக்கைத் தடுக்கிற ஒன்றை மட்டும் விறைப்பாகப் போட்டிருக்கிறான். முழுக்க விறைப்பாகப் போட்டிருந்த சீசனில் மவுண்டிங் பிடிக்கிற பிராக்கெட்டிலேயே விரிசல் விட்டதாம். ரப்பர் வாங்கவேண்டிய அடியை இரும்பு வாங்கியிருக்கிறது. பந்தயக் கார் நிமிடக் கணக்கில் ஓடும், இறங்கியதும் ஒவ்வொரு போல்ட்டாகச் சரிபார்ப்பார்கள். அங்கே அந்தக் கெட்டி மவுண்டிங் பொருந்தும், நான் மறுக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பக்கத்தாரிடம் என் கோரிக்கை இது. மாற்றம் செய்த கார் என்று எழுதும்போது எங்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கைக் கிளட்ச், கை பிரேக், இடது கால் ஆக்சிலேட்டர் என்று ஓட்டுகிறவர்கள் இந்த மாவட்டத்திலேயே எனக்குத் தெரிந்து பலர் இருக்கிறார்கள். இப்போது கிளட்ச் பெடலே இல்லாத கார்கள் வந்துவிட்டன, அதை வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். பென்ஷன்காரனுக்கு அந்த யோசனை சொல்வது சுலபம். எங்களில் யாராவது மவுண்டிங் மாற்றப் போனால் கடைக்காரர் கேட்பது வண்டி மாடலும் வருடமும்தான். எந்தக் கையால் ஓட்டுகிறீர்கள், எது எதில் பிடித்திருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்காவிட்டால் நாமே சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம், எந்த மவுண்டிங் போட்டாலும், போட்ட முதல் வாரத்தில் கைக்கருவியின் ஒவ்வொரு நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிடுங்கள். என் ராடில் இப்போது உள்ளே நைலான் வளையம் வைத்து எளிதில் கழலாத நைலாக் நட் போட்டு, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாய்க்குக்கூட அது பிடித்துப்போய், இப்போது மற்ற வண்டிகளிலும் இழுக்கிறார்.

அந்த மஞ்சள் செட் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பதினொரு நாள் மட்டுமே ஓடியது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் பக்கம் 800 வைத்து ஓட்டுகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளட்டும், காசு வேண்டாம். ஒரு போல்ட் மட்டும் குறையும். அதைப் பாய் வேறெதற்கோ எடுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
பொள்ளாச்சி.